அடுப்படிச் சுவரில் ஒரு நீல வட்டம்

ஆணியை அடித்தேன். அதில் நூலைக் கட்டினேன். நூலின் மறுமுனையில் மலரின் தையல் சாக்கட்டியைக் கட்டி, இழுத்துப் பிடித்து ஒரு சுற்று வந்தேன். எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் நீல நிறத்தில் ஒரு வட்டம் விழுந்தது.

ஸ்டூலிலிருந்து இறங்கி, இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். கொஞ்சம்கூடக் கோணவில்லை. ஊர் ஊராகப் போய், எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட எத்தனையோ சுவரில் வட்டம் போட்டிருக்கிறேன். என் வீட்டுச் சுவரில் போட்டதுதான் அழகாக வந்திருந்தது. அந்தப் பெருமையோடு மறுபடி ஏறி, வட்டத்தின் மேல்கோட்டில் உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினேன்.

"ஏங்க, அடிக்காதீங்க."

என் மனைவி மலர்க்கொடி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னாள். என் கை நின்றுவிட்டது. உள்ளே கரன்ட் வயர் போகிறதோ என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்தேன். அந்த வீட்டுக்கு வயர் போட்டவனே நான்தான், இவள் எனக்கே சொல்கிறாளா என்று கோபம்கூட வந்தது.

"நாள் தள்ளிப் போயிருக்குன்னு சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். இப்பத்தான் பாத்தேன். ரெண்டு கோடு வந்திருக்கு" என்றாள்.

அவள் கையில் மருந்துக்கடையில் வாங்கிய பட்டை இருந்தது. சிலருக்கு இந்தச் செய்தி கேசரியோடு வரும். சிலருக்குப் போனில் வரும். எனக்கு, ஒரு கையில் உளியும் மறுகையில் சுத்தியலுமாக ஸ்டூல் மேல் நிற்கும்போது வந்தது.

இறங்கினேன். சந்தோஷம்தான். ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் கண் சுவரில் இருந்த ஆணியில் இருந்தது. அப்புறம் நானும் அதைத்தான் பார்த்தேன்.

எலக்ட்ரீஷியன் கேட்கிற கேள்வி

போன வாரம் மணமேல்குடியில் ஒரு கருவாட்டுக் கிட்டங்கிக்கு நான்கு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிய கதையை எழுதியிருந்தேன். அதில், வேலையைத் தொடங்கும் முன் கிட்டங்கிக்காரரிடம் 'வீட்டுல யாரும் முழுகாம இருக்காங்களா?' என்று கேட்டதாக ஒரு வரி வரும். திருச்சியிலிருந்து ஒரு வாசகி அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். ஃபேன் மாட்ட வந்தவருக்கு இந்த விசாரணையெல்லாம் எதற்கு என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில், மாசமாக இருக்கிற பெண் உள்ள வீட்டில் சுவரை இடிக்க மாட்டார்கள். புதிதாகச் சுவர் எழுப்ப மாட்டார்கள். ஆணிகூட அடிக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். வயிற்றில் இருப்பது அதிரும் என்பார் ஒருவர். சாந்தும் மண்ணும் சரிந்தால் வழுக்கி விழுவாள் என்பார் இன்னொருவர். காரணமே வேண்டாம், செய்யாதே என்றால் செய்யாதே என்பவர்கள்தான் அதிகம்.

இந்த விஷயம் தெரிந்தும் மறந்துபோய், வல்லத்திராக்கோட்டையில் ஒரு வீட்டில் டிரில்லிங் மெஷினைச் சொருகி சுவிட்சைப் போட்டுவிட்டேன். 'டர்' என்று ஒரு சத்தம்தான் வந்திருக்கும். வீடே திரண்டு வந்துவிட்டது. மருமகளுக்கு ஐந்து மாதம். மாமனார் என் மெஷினை வயரோடு சுற்றி என் பையிலேயே வைத்து, ஒரு காபியும் கொடுத்து, புரட்டாசிக்கு மேல் வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

அன்றிலிருந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவேன். புதுசாகக் கல்யாணமான வீட்டில் கேட்டால் ஒருத்தி உள்ளே ஓடுவாள். வயசான இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் கேட்டால், "எங்களைப் பாத்தா ஒனக்கு எப்படித் தெரியுது?" என்று சிரிப்பார்கள். எல்லா வீட்டிலும் கேட்டேன். என் வீட்டில் கேட்கவில்லை.

ஆணி இருக்கட்டும்

அதற்கு முன் இரண்டு முறை மலருக்குக் கரு தங்கியது. இரண்டு முறையும் மூன்றாம் மாதம் கலைந்துபோனது. இரண்டாவது முறைக்குப் பிறகு அவள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை. ஊர்க்காரர்களுக்கு ரவிக்கை தைத்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். காலையில் நான் கிளம்பும்போதும் தையல் மெஷின் ஓடும், சாயங்காலம் நான் வரும்போதும் ஓடும்.

அதனால் அந்த ஆணி எங்கள் இருவருக்கும் சாதாரண ஆணியாகத் தெரியவில்லை. இரண்டு இஞ்சு ஆணி. முக்கால் இஞ்சு சுவருக்குள், மிச்சம் வெளியே. நடுவில் நூல் கட்டித் தொங்குகிறது, மஞ்சள் ரவிக்கைக்கு வாங்கிய நூல். நூலின் நுனியில் நீலச் சாக்கட்டி.

நான் சகுனம் பார்க்கிற ஆள் இல்லை. கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசுவேன், அதோடு சரி. மலரும் அப்படித்தான். பூனை குறுக்கே போனால் அதற்கும் ஏதோ வேலை இருக்கும் என்பவள். ஆனாலும் அன்று அந்த ஆணியைவிட்டு இருவராலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"தெரியாம அடிச்சது. தெரிஞ்சு புடுங்க வேணாம். இருக்கட்டும், தொடாதீங்க."

சாக்கட்டியையாவது அவிழ்த்துக்கொள்ளட்டுமா, தைக்க வேண்டுமே என்றேன். சாக்கட்டியை மட்டும் அவளே இரண்டு விரலால், ஆணி அசையாமல், நூலிலிருந்து உருவிக்கொண்டாள். நூல் அப்படியே தொங்கியது. அதன்பிறகு அந்த ஆணியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

புகைக்கு வழியில்லாத வீடு

ஊருக்கெல்லாம் ஃபேன் மாட்டுகிறவன் வீட்டு அடுப்படியில் ஏன் ஃபேன் இல்லை என்று கேட்பீர்கள். பதில் ரொம்ப எளிது. சோம்பேறித்தனம். நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அன்னவாசலில் அந்த வீட்டைக் கட்டியவர் என் அப்பா. செம்புறாங்கல்லை மண்சாந்து வைத்து அடுக்கி, மேலே சுண்ணாம்பு பூசிய ஒன்றரை அடிச் சுவர். அடுப்படிக்கு ஜன்னல் வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஆட்கள் நடக்கிற சந்து, ஜன்னல் வைத்தால் சட்டியைத் தூக்கிப்போவான் என்று அவருக்குச் சந்தேகம். அப்போது கூரை ஓடு என்பதால் புகை ஓட்டின் இடுக்கில் தானாகப் போய்விடும். நான் பெரிய மனுஷனாகி, ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்டேன். புகைக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்தேன். என் தொழிலில் இருப்பவன் செய்யக்கூடாத காரியம் அது. செய்துவிட்டு, வீட்டைப் பார்த்தவர்களிடம் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதத்துக்குள் மலருக்கு மசக்கை ஆரம்பித்தது. சோறு கொதிக்கிற வாடை ஆகாது. கடுகு வெடித்தால் ஆகாது. சீரகம் என்று சொன்னாலே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். நான் சமைத்தாலும் வாடை வீடு முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தது. போக வழி ஏது? கடையில் இட்லி வாங்கி வந்தேன். இரண்டு நாள் சாப்பிட்டாள், மூன்றாம் நாள் அந்தப் பொட்டலத்தின் வாழை இலை வாடையும் ஆகவில்லை.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா எடை பார்த்துவிட்டு, ஏற வேண்டிய நேரத்தில் இறங்கியிருக்கிறதே, இப்படிப் போனால் எப்படி என்று என்னைத்தான் கேட்டார். வீட்டில் சமைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகவாவது சாப்பிட வேண்டும் என்றார்.

ஒன்பது இஞ்சு ஃபேன் ஒன்று மாட்டினால் தீருகிற பிரச்சினை. ஃபேன் அட்டைப்பெட்டியில் தயாராக இருந்தது. வட்டம்கூடப் போட்டாயிற்று. ஆனால் சுவரைத் தொடக்கூடாது. இப்படி ஒரு வேலையை நான் அதுவரை பார்த்ததில்லை.

ராக்கம்மா அக்கா

இதற்கிடையில் வெளிவேலை வேறு. புள்ளத்தாச்சியின் புருஷனும் அடுத்தவர் சுவரைக்கூட இடிக்கக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். மலர் அப்படி எதுவும் கேட்கவில்லை. அது எங்கள் பிழைப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு வீட்டில் உளியை வைத்ததும் எங்கள் வீட்டு ஆணிதான் கண்ணில் நின்றது. அதோடு உளியைக் கீழே வைத்துவிட்டேன்.

ராக்கம்மா அக்காவைக் கூப்பிட்டேன். எங்கள் ஊர்க்காரர், கொத்தனாருக்குச் சித்தாளாக இருபது வருஷம் கல்லும் சாந்தும் சுமந்தவர். நான்கு பிள்ளைகளின் தாய். சுவரை வெட்டுவது அவர், ஃபேனை மாட்டுவது நான் என்று பேச்சு. விஷயத்தைச் சொன்னதும் உளியை வாங்கிக்கொண்டார்.

அவர் வெட்டின பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அத்தனை வருஷமாக நான் வெட்டிக்கொண்டிருந்தது அரைகுறை என்று. நான் சுவரில் ஓட்டையை நேராக வெட்டுவேன். அக்கா ஓட்டையின் அடிப்பக்கத்தை வெளியே பார்த்து ஒரு விரக்கடை சரித்து வெட்டினார். எதற்கு என்று கேட்டேன். மழைத் தண்ணி வெளியே வழிய வேண்டாமா என்றார்.

நான் மாட்டிய ஃபேன்களில் சில ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கி நின்றுபோகும். ஒவ்வொரு தடவையும் ஃபேன் கம்பெனியைத் திட்டிவிட்டு வந்திருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

செம்புறாங்கல் சுவரில் எப்படி வெட்டுவது என்பதும் அவரிடம் பார்த்ததுதான். அந்தக் கல்லில் வட்டமாகக் குடைய முடியாது, இடுக்கில் உள்ள மண்சாந்து உதிர்ந்து முழுக் கல்லும் ஆடிவிடும். ஒரு கல்லை முழுசாக உருவி எடுத்து, ஃபேனை வைத்து, சுற்றிலும் செங்கலும் சிமென்டும் வைத்து அடைக்க வேண்டும். அந்தக் கல்லை, பூஜைப் பொருளை எடுக்கிற பதவிசோடு இரண்டு கையாலும் இறக்கி வைப்பார்.

ஒருநாள் மத்தியானம், அந்த மாதிரி ஒரு வேலை முடிந்து டீ குடிக்கும்போது மலர் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். சாப்பிடுவதே இல்லை, புகை போக வழியில்லை, சுவரைத் தொட முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா டீயை முழுசாகக் குடித்து முடித்தார்.

"ஒங்க அடுப்படியில இருந்து கொல்லைக்குப் போற கதவு இருக்குல்ல தம்பி?"

"இருக்கு."

"அது செவரா?"

ஃபேன் வைத்த கதவு

கதவு என் மண்டையில் ஏறவே இல்லை. ஃபேன் என்றால் சுவர் என்றே பழகிவிட்டேன். திறந்துவைத்தால் காற்று வாடையை வீட்டுக்குள்தான் தள்ளும் என்று அந்தக் கதவை மூடியே வைத்திருந்தோம். ஆனால் மலர் சம்மதிக்க வேண்டுமே. கதவும் வீட்டோடு சேர்ந்ததுதானே, அதை அறுக்கலாமா?

அவளிடம் சொன்னேன். அவள் கதவைத் திறந்தாள், மூடினாள். பிறகு கேட்டாள், அதைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோய் அறுக்க முடியுமா என்று. முடியும் என்றேன்.

"அப்பச் சரி. வீட்டுக்குள்ள அறுக்க வேணாம். கதவு வீட்ட விட்டு வெளிய போயிட்டா, அது வெறும் பலகைதான?"

இப்படி ஒரு தீர்ப்பை எந்த நீதிமன்றமும் சொல்லியிருக்காது. கீலைக் கழற்றி, கதவைக் கொல்லையில் வேப்பமரத்தடிக்குத் தூக்கிப்போய், இரண்டு ஸ்டூல் மேல் கிடத்தினேன். தச்சுவேலை செய்யும் நண்பரிடம் வாங்கிய அறுவை மெஷினால் தலைப்பக்கம் வட்டமாக அறுத்தேன். பழைய வேம்பு, இரும்பு மாதிரி இருந்தது. இரண்டு பிளேடு போனது. ஃபேனைத் திருகாணி போட்டு முடுக்கி, வெளிப்பக்கம் தகட்டு ஷட்டரை வைத்து, திரும்பத் தூக்கிவந்து அதே கீலில் மாட்டினேன். நிலையிலிருந்து கதவுக்கு வயர் போக, திறந்து மூடும்போது இழுபடாமல், வளைகிற குழாயில் ஒரு வளையம் விட்டேன்.

ஃபேன் வைத்த கதவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காததே நல்லது. கனம் தாங்காமல் கதவு கீச்சென்று கத்தும். வேகமாக மூடினால் ஷட்டர் படபடவென்று அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், வீடு எப்போது கிளம்பிப் பறக்கப்போகிறது என்று கேட்டுவிட்டுப் போனார். கொல்லைக் கொடியில் காயப்போட்ட என் சட்டையெல்லாம் சாம்பார் வாடை அடித்தது.

முதல் நாள் சுவிட்சைப் போட்டுவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்து, எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டேன். மலர் கூடத்தில் தள்ளி நின்றாள். மூக்கை முந்தானையால் மூடியிருந்தாள். ஃபேன் ஒழுங்காக இழுக்கிறதா என்று பார்க்க, எங்கள் தொழிலில் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்ப்போம். ஊதுபத்தி வாடையும் அவளுக்கு ஆகாது என்பதால் நான் கொண்டுவரவில்லை.

"நூலப் பாருங்க" என்றாள்.

ஆணியில் தொங்கிய மஞ்சள் நூல், நேராகத் தொங்கவில்லை. கதவுப் பக்கம் சாய்ந்து, லேசாக ஆடிக்கொண்டே நின்றது. காற்று கூடத்திலிருந்து வந்து, அடுப்பைத் தாண்டி, கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. மலர் முந்தானையை எடுத்தாள். ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள். இன்னொரு மூச்சு. பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, ரசம் ஊற்றி ஒரு கை சோறு சாப்பிட்டாள். அது அவள் வயிற்றில் தங்கியது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. நான் அந்த ரசத்தில் உப்புப் போட மறந்திருந்தேன், அவள் அதைச் சொல்லவுமில்லை.

குறடு

மூன்றாம் மாதம் முடியப்போகிற சமயம். ஒரு காலையில் மலருக்கு அடிவயிற்றில் வலி வந்தது. லேசாகக் கறையும் பட்டது. அவள் அம்மா வந்திருந்தார். புதுக்கோட்டைக்கு ஆட்டோவில் போனோம். டாக்டர் பழைய ரிப்போர்ட்டெல்லாம் எங்கே என்றார். அவசரத்தில் ஃபைலை எடுக்கவில்லை. நான் மட்டும் திரும்பி வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது ஆணியைத் தவிர வேறு நினைப்பில்லை. அதை அடித்தவன் நான். எல்லா வீட்டிலும் கேட்டவன், ஒரு வார்த்தை என் பெண்டாட்டியிடம் கேட்டிருந்தால் அது சுவரில் இருந்திருக்காது.

வீட்டைத் திறந்தேன். ஃபைலை எடுத்தேன். அப்படியே கிளம்பியிருக்க வேண்டும். டூல்ஸ் பையிலிருந்து குறட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். ஸ்டூலில் ஏறி, குறட்டின் வாயை ஆணியின் இருபக்கமும் வைத்தேன். அழுத்தவில்லை. எடுத்தால் நல்லதா, விட்டால் நல்லதா? யாரிடம் கேட்பது? சகுனம் பார்க்காதவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன், ஓர் ஆணி முன்னால் வியர்த்து நின்றேன். அவள் தொடாதீங்க என்று சொன்னது ஞாபகம் வந்தது. குறட்டை எடுத்துவிட்டு இறங்கினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஸ்கேன் முடிந்திருந்தது. துடிப்பு நன்றாக இருக்கிறது, ஓய்வு எடுத்தால் போதும் என்றார்கள். மலர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எதையும் தொடலைல்ல?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாட்கள் நல்லபடியாக நகர்ந்தன. மசக்கை குறைந்தது. எடை ஏறியது. கதவு கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. கிண்டல் செய்தவர்களே போன் செய்ய ஆரம்பித்தார்கள். என் மகள் மாசமாக இருக்கிறாள், அந்தக் கதவு ஃபேன் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அந்த வருஷம் மட்டும் அன்னவாசல் சுற்று வட்டாரத்தில் ஏழெட்டுக் கதவை அறுத்திருப்பேன். எல்லாவற்றையும் வீட்டுக்கு வெளியே தூக்கிப்போய்த்தான் அறுத்தேன். மலரின் தீர்ப்பு எல்லா மாமியார்களுக்கும் பிடித்திருந்தது.

வளைகாப்பு முடிந்து மலர் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். நான் தனியாகச் சமைத்தேன். சுவிட்சைப் போட்டதும் நூல் சாய்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்ப்பேன். புகையில் அதன் மஞ்சள் பழுப்பாகியிருந்தது. அவளிடம் போனில் எல்லாம் பேசுவேன், ஆணியைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டேன். அவளும் கேட்க மாட்டாள்.

இரண்டு விரல்

பெண் குழந்தை. ஆபரேஷன்தான் செய்தார்கள். மறுநாள் காலை, பார்வையாளர் நேரத்தில் என்னை உள்ளே விட்டார்கள். குழந்தை துணிப்பொட்டலத்துக்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தூங்கியது. மலர் மல்லாந்து படுத்திருந்தாள். நான் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினேன்.

"போயி அந்த ஆணியப் புடுங்கிட்டு வாங்க" என்றாள்.

குழந்தையைப் பற்றி இல்லை, வலியைப் பற்றி இல்லை. பிள்ளை பெற்றபின் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அத்தனை மாதமும் அவள் அதை எங்கே வைத்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த அவள் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்னவாசலுக்கு வண்டியை விரட்டினேன். குறடு, சுத்தியல் எல்லாம் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். முதலில் நூலை அவிழ்க்கலாம் என்று ஆணியை இரண்டு விரலால் பிடித்தேன். ஆணி கையோடு வந்துவிட்டது. குறடே தேவைப்படவில்லை. பின்னாலேயே ஒரு சிட்டிகைச் செம்மண் உதிர்ந்து அடுப்பு மேல் விழுந்தது. அன்று நான் அடித்தது கல்லில் இல்லை, கல் இடுக்கில் இருந்த மண்சாந்தில். ஆணிக்கு அங்கே பிடிமானமே இருந்திருக்கவில்லை. ஸ்டூல் மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்கால நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய், சட்டைப் பையிலிருந்து ஆணியையும் நூலையும் எடுத்து மலரின் உள்ளங்கையில் வைத்தேன். எப்படி வந்தது என்று கேட்டாள். இரண்டு விரலில் வந்தது என்றேன். நம்பாமல் என்னைப் பார்த்தாள். விரலைக் காட்டினேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது" என்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆணியை மட்டும் விடவில்லை.

மறுபடியும் அந்த வட்டம்

ஐந்தாம் மாதம் குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். கதவின் கீச்சுச் சத்தத்துக்குப் பிள்ளை திடுக்கிட்டு விழித்தது. மலர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தையல் மெஷின் டிராயரைத் திறந்து ஆணியையும் நூலையும் என்னிடம் கொடுத்தாள். நூலை அவள் ஆணியிலேயே சுற்றி வைத்திருந்தாள்.

பழைய ஓட்டையிலேயே ஆணியை அழுத்தினேன். புகை படிந்து வட்டம் பாதி அழிந்திருந்தது. நூலில் சாக்கட்டியைக் கட்டி, இழுத்துப் பிடித்து, பழைய கோட்டின் மேலேயே ஒரு சுற்று வந்தேன். ராக்கம்மா அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரி கல்லின் இடுக்குகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். வெளியே சரிவு விட வேண்டியதையும் குறித்தேன். உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினேன்.

கை தானாக நின்றது. திரும்பிப் பார்த்தேன்.

மலர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில், அன்று நின்ற அதே இடத்தில் நின்றிருந்தாள். நான் எதற்குப் பார்க்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இப்ப ஒண்ணும் இல்லங்க" என்றாள். "அடிங்க."

அடித்தேன்.